அரைப்பேர்

எங்கள் தோட்டத்துக்கு இரண்டு பெயர்.
போர்டில் இருப்பது ஸ்ட்ராத்பர்ன்,
வெள்ளைக்காரன் ஒருவன் வைத்துவிட்டுப் போனது.
நாங்கள் சொல்வது புளியடித் தோட்டம்.
பொகவந்தலாவைக் குளிரில் புளியமரம் எங்கே
என்று கேட்காதீர்கள்.
ஆக, மண்ணுக்கு முழுசாய் இரண்டு பேர்.
அம்மாவுக்கு நேற்று அரைப்பேர்.

பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர்,
குறைந்தால் அரை.
பெரியவர்கள் இதைத் தலைவலிபோலச் சொல்கிறார்கள்:
"இன்னைக்கு எனக்கு அரைப்பேருடி."
எனக்குத்தான் விளங்கவில்லை.
அம்மாவின் பெயர் பவளக்கொடி.
கணக்கப்பிள்ளை எந்தப் பாதியை எழுதினார்?
யோசித்துப் பார்த்தேன்.
பவளம் விலைபோகும்.
அதைத் தோட்டம் வைத்துக்கொண்டு
கொடியை லயத்துக்கு அனுப்பியிருக்கும்.

பள்ளிக்கூட அலுமாரியில் ஒரு புத்தகம்.
அட்டையைக் கறையான் தின்றுவிட்டது,
எழுதியவர் பெயரையும் சேர்த்து.
பாஷை தமிழ், ஊர் அமெரிக்கா.
கதை சொல்கிறவள் பத்து வயதுக்காரி.
அவள் ஊரில் பருத்தி, சாக்கு, தராசு.
தராசின் ஓரத்தில் மேஸ்திரியின் சப்பாத்து நுனி.
அந்த ஊரில் எல்லாருக்கும் கண் இருக்கிறது.
சப்பாத்தைப் பார்ப்பவள் அவள் மட்டும்.
பார்த்ததும் சொல்லிவிடுகிறாள்,
கோபமாகக்கூட இல்லை:
"ஐயா, உங்க கால் தராசுல இருக்கு."

அவளுக்குப் பத்து. எனக்குப் பதினொன்று.
ஒரு வயது மூத்தவள்
வாயை மூடிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்குமா?

சனிக்கிழமை தேத்தண்ணிப் போத்தலோடு
கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போனேன்.
இப்போதெல்லாம் தராசில் சிவப்பு இலக்கம் எரியும்,
சப்பாத்து வைக்க இடமில்லை.
அம்மாவின் கொழுந்து பத்தொன்பது.
நானே வாசித்தேன்.
"சாக்குக்கு ரெண்டு. தண்ணிக்கு மூணு. பதினாலு"
என்றது வாய். எழுதியது கை.

"தண்ணியா? ஒரு கிழமையா மழையே இல்லையே ஐயா."

முப்பது பெண்கள்.
யாரோ சிரிக்கத் தொடங்கி
அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.
"எந்த லயத்துப் புள்ள இது?"
அம்மா என் கன்னத்தில் அறைந்தாள்,
கொழுந்துக் கறை ஏறிய கையால்.
அமெரிக்காக்காரிக்கும் இப்படி நடந்ததா தெரியாது.
அந்த இடத்தில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன.

திங்கட்கிழமை அம்மாவுக்கு முழுப்பேர்.
எடுத்தது பதினேழுதான்.
செவ்வாயும் முழுப்பேர்.
மற்ற இருபத்தொன்பது பேருக்கும்
சாக்குக்கு ரெண்டு, தண்ணிக்கு மூணு.
வானம் வெறும் நீலம்.
அம்மா ஏனென்று கேட்கவில்லை.
அன்று ராத்திரி ரொட்டிக்கு டின்மீன் குழம்பு.
நான் மூன்று ரொட்டி தின்றேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை பீலியடியில்
அம்மா குடத்தை வைத்ததும் பேச்சு நின்றது.
தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.
பக்கத்துக் காம்பரா செண்பகவள்ளியக்கா
பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.
அவர் மகள் சிந்துஜா
குறுக்குப் பாதையில் எனக்கு முன்னால் இறங்கினாள்,
நான் ஓடினால் அவளும் ஓடினாள்.

வெள்ளிக்கிழமை கிளினிக்.
மருத்துவமாது என்னை நிறுத்தார். இருபத்தாறு.
"செருப்புக்கு எவ்வளவு கழிப்பீங்க மிஸ்?"
"கழிச்சா உன்கிட்ட என்னடி மிஞ்சும்?"
என்று சிரித்துவிட்டு
காட்டில் ஏதோ சிவப்பில் எழுதினார்,
சிரிக்காமல்.

"நாளைக்குத் தேத்தண்ணி கொண்டுவராதே"
என்றாள் அம்மா, விளக்கை அணைத்துவிட்டு.
சுவருக்கு அந்தப் பக்கம் செண்பகவள்ளியக்கா
புரண்டு படுப்பது கேட்டது.
தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.
வெகுநேரம் கழித்து, இருட்டுக்குள்ளிருந்து:

"அந்தச் சிவப்பு நம்பர உன்னால
சத்தமா வாசிக்க முடியுமா?
முப்பது பேருக்கும்?"